கனவுல முருகன் சொன்னா செஞ்சுதானே ஆகணும்? அத்தை கேட்ட கேள்வி

ஓம் சரவணபவ. 

போன வருஷம் கார்த்திகை மாசம் இதே பக்கத்துல என் அனுபவம் ஒண்ணு எழுதியிருந்தேன். பெங்களூர்ல நைட் ஷிப்ட் பார்த்துட்டு இருந்த காலம். கபிலர்மலை படிக்கட்டுல ஒரு சின்னப் பையன் உட்கார்ந்துக்கிட்டு "ஊருக்கு வந்துரு"ன்னு சொல்ற மாதிரி கனவு வந்துச்சு. அடுத்த மாசமே அந்த வேலையை விட்டுட்டு, வீட்டுல இருந்தே பார்க்கிற மாதிரி வேற வேலைக்கு மாறினேன். நிறைய பேர் அரோகரா போட்டீங்க. "அது முருகன்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"னு ஒருத்தர் கூட கேட்கலை. நானும் என்னையே கேட்டுக்கலை.

இந்த மார்கழியில அதே கேள்வியை எங்க அத்தைகிட்ட நான் கேட்க வேண்டி வந்துச்சு. அவங்க திருப்பிக் கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்கு முழுசா பதில் கிடைக்கலை. கிடைச்ச வரைக்கும் எழுதுறேன். சம்பந்தப்பட்ட பையன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். "பேர் மட்டும் போடாத மச்சான்"னு சொல்லிட்டான்.

அத்தை ஊரு பரமத்தி வேலூர் பக்கம். ராஜா வாய்க்கால் பாசனம், வெத்தலைக் கொடிக்கால், வாழை. ஒரே பையன், 19 வயசு, காலேஜ் படிக்கிறான். 15 வயசுல அவனுக்கு வலிப்பு வந்துச்சு. முதல் தடவை வந்தப்போ காத்து கருப்புன்னு மந்திரிச்சாங்க. ரெண்டாவது தடவை பள்ளிக்கூடத்துல வந்து, நாக்கைக் கடிச்சு ரத்தம். அப்புறம்தான் சேலத்துல நரம்பு டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை ஆரம்பிச்சாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி 9 மணிக்கு ஒண்ணு. கடைசியா வந்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு.

நான் சனிக்கிழமை போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் வழக்கமா அத்தை மாத்திரை டப்பாவை எடுத்து வைப்பாங்க. அன்னிக்கு எடுக்கலை. கேட்டேன்.

"நிறுத்திப் போட்டேன் கண்ணு. செவ்வாக்கிழமை விடியக்காலம் கனவுல வந்தான். ஆண்டிக் கோலம். கையில தண்டம். டப்பாவைத் தொட்டு 'இது போதும்'னான். எந்திரிச்சு பார்த்தா மணி அஞ்சு. ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

நாலு நாள். எனக்கு வயிறு கலங்கிடுச்சு. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, நின்னுபோன வலிப்பு திரும்ப வரும். விடாம அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். தைப்பூசத்துக்கு அவன் பழனிக்கு நடக்கிறதாவும் இருந்துச்சு. நம்ம பக்கத்துல பாதயாத்திரை எப்படின்னு உங்களுக்கே தெரியும். பகல்ல வெயில், அதனால ராத்திரியில நடை. மாத்திரை விட்டுப்போறதும் தூக்கம் கெடுறதும்தான் வலிப்பைக் கூட்டி வர்ற காரணங்கள்ல முக்கியமான ரெண்டு. இந்த ஒரு கனவுல ரெண்டும் சேர்ந்து வரப்போகுது.

என்ஜினியரிங் படிச்சவன் என்ன பண்ணுவான்? விளக்கம் சொன்னேன். 1953-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கி, கிளைட்மேன்னு ரெண்டு பேர், தூங்குறவங்களோட கண்ணு மூடின இமைக்குள்ள வேகமா ஓடுறதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த நேரத்துல எழுப்பினா பெரும்பாலும் கனவு கண்டதா சொல்றாங்க. அதைத்தான் ரெம் தூக்கம்னு சொல்றாங்க. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றுன்னு ராத்திரி முழுக்க வரும், விடிய விடிய அதோட நீளம் கூடும். அதனாலதான் விடியக்காலைக் கனவு அதிகமா ஞாபகத்துல நிக்குது. விடியக்காலைக் கனவு பலிக்கும்னு நம்ம ஊர்ல சொல்றதுக்கு ஒரு காரணம் இதுவாவும் இருக்கலாம்னு எனக்குத் தோணும். அந்தத் தூக்கத்துல பயம், பாசம் இதெல்லாம் கிளம்புற மூளைப் பகுதி நல்லா வேலை செய்யும். 'இது சரியா தப்பா'ன்னு எடை போடுற முன்பகுதி அடங்கி இருக்கும். கனவுல செத்துப்போன தாத்தா டீ குடிச்சிட்டு இருந்தாலும் நாம ஆச்சரியப்படாம பக்கத்துல உட்கார்றோமே, அது அதனாலதான்.

பெங்களூர் ரூம்ல எனக்கே நடந்த இன்னொண்ணையும் சொன்னேன். ஷிப்ட் முடிச்சு காலையில அஞ்சு மணிக்குப் படுத்து, முழிப்பு வந்தும் கை கால் அசையலை, நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்திருக்காங்க, முருகான்னு கத்துறேன் சத்தம் வரலை. நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்றது. ரெம் தூக்கத்துல கனவுல ஓடுறப்போ நெசமாவே எந்திரிச்சு ஓடிடக் கூடாதுன்னு மூளையே உடம்பைக் கட்டிப் போட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழறதுக்குள்ள முழிப்பு வந்துட்டா இப்படித்தான் இருக்கும். தூக்க நேரம் தாறுமாறா இருக்கிறவங்களுக்கு அதிகமா வரும்.

அத்தை எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு அமைதியா சொன்னாங்க: "அப்போ உன்னைய ஊருக்கு வரச் சொன்னதும் அந்த ரெம்முதானா சாமி? அதை மட்டும் ஏன் போன்ல எல்லாருக்கும் அனுப்பிவுட்ட? உனக்கு வந்தா முருகன், எனக்கு வந்தா மூளையா? கனவுல வந்து சொன்னா செஞ்சுதானே ஆகணும்?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவங்க கேட்டதுல தப்பே இல்லை. அறிவியல் காரணம் சொன்னா அது ரெண்டு கனவுக்கும் பொருந்தும். நம்பிக்கைன்னா அதுவும் ரெண்டுக்கும் பொருந்தும். எனக்குப் பிடிச்ச கனவை அருள்னும் பிடிக்காத கனவை ரசாயனம்னும் பிரிச்சு வச்சிருக்கேன். இது நேர்மையில்லாத வேலைன்னு அந்த இடத்துலயே தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் விளக்கத்தை விட்டுட்டு, நம்ம சாமியையே கூப்பிட்டேன். சிவன்மலை. காங்கேயம் பக்கம் இருக்கிற சிவன்மலை ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இந்தக் குழுவுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யாராவது ஒரு பக்தர் கனவுல ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்லுவார். மஞ்சள், உப்பு, மண், தண்ணீர் இப்படி. அவங்க கோயில்ல வந்து சொல்லுவாங்க. உடனே பெட்டியில வச்சிட மாட்டாங்க. சாமிகிட்ட பூவாக்கு கேட்பாங்க. வெள்ளைப் பூ வந்தாத்தான் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகும். இல்லைன்னா வந்தவங்க கும்பிட்டுட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். வச்ச பொருள் அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் இருக்கும். அதுக்கு என்ன அர்த்தம்னு கோயில் சொல்றதில்லை. தண்ணீர் வச்சதுக்கு அப்புறம்தான் 2004 சுனாமி வந்துச்சுன்னு பக்தர்கள் சொல்றாங்க, அது அவங்க பார்த்துக்கிட்ட அர்த்தம்.

நான் யோசிச்சது இதுதான். கனவுல வர்ற சாமியை இவ்வளவு நம்புற அந்தக் கோயிலே கனவை அப்படியே ஏத்துக்கிறதில்லை. கனவு கண்டவர் பொய் சொல்றார்னு சந்தேகம் இல்லை. அவர் உண்மையாவே கண்டிருக்கலாம், ஆனாலும் முழிச்சிருக்கிற நேரத்துல நாலு பேர் முன்னாடி இன்னொரு தடவை கேட்கணும். ஊர்த் திருவிழாவுல ஒருத்தருக்கு அருள் வந்து ஆடினாலும் பெரியவங்க முன்னாடி நின்னு "வந்திருக்கிறது யாரு, சொல்லு"ன்னு கேட்கிறாங்களே, அது மாதிரி. யாரும் அதை அவமரியாதைன்னு நினைக்கிறதில்லை.

கந்தபுராணம் பிறந்த கதையும் அப்படித்தான். காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியாருக்கு முருகனே கனவுல வந்து முதல் அடி எடுத்துக் கொடுத்ததா வரலாறு சொல்வாங்க. அரங்கேற்றத்துல ஒரு புலவர் எழுந்து, அந்த முதல் அடியிலயே புணர்ச்சி தப்புன்னார். எந்த இலக்கணத்துல இப்படி வருதுன்னு கேட்டார். "சாமி கொடுத்த அடி, கேள்வி கேட்காதே"ன்னு சபை அவரை உட்கார வைக்கலை. அரங்கேற்றம் நின்னுடுச்சு. சோழநாட்டுல இருந்து ஒருத்தர் வீரசோழியம்னு ஒரு இலக்கண நூலோட வந்து, அதுல விதி இருக்குன்னு காட்டின பிறகுதான் மேல நடந்துச்சு. அந்த நூலை அனுப்பி வச்சதும் முருகன்தான்னு கதை சொல்லுது. முருகன் நினைச்சிருந்தா அந்தப் புலவரைப் பயமுறுத்தியிருக்கலாம். புத்தகத்தை அனுப்பினான். எனக்கு அந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

இதையெல்லாம் அத்தைகிட்ட இவ்வளவு கோர்வையா சொல்லலை, திக்கித் திணறித்தான் சொன்னேன். கேட்டுட்டு அவங்க முகம் தெளிஞ்சுது. "அதுவும் சரிதான் கண்ணு. காலையில கோயிலுக்குப் போயி பூவாக்கு கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தா நிறுத்தறது, சிவப்பு வந்தா குடுக்கறது."

மாட்டிக்கிட்டேன். ரெண்டு பொட்டலம், ரெண்டு பூ. என் படிப்பு சொல்ற கணக்குல பாதிக்குப் பாதி. வெள்ளை வந்துட்டா? சாமி உத்தரவு ரெண்டு தடவை ஆயிடும், அப்புறம் யார் சொல்லியும் கேட்க மாட்டாங்க. சிவப்பு வந்தா மட்டும் ஏத்துக்கிறதுன்னா அதுக்குப் பேர் கேட்கிறது இல்லை, நடிக்கிறது. "வேண்டாம்"னு சொன்னேன். "ஏன், முருகன் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

அன்னிக்கு ராத்திரி மாடியில படுத்துக்கிட்டு யோசிச்சதுல ஒண்ணு பிடிபட்டுச்சு. சிவன்மலையில ஆண்டவர் கேட்கிற பொருளைப் பாருங்க. கனவு கண்டவர் தன் கையால கொண்டு வந்து வைக்கக் கூடியது. பூ தப்பா விழுந்துட்டாலும் என்ன நஷ்டம்? ஒரு பிடி மஞ்சள் கொஞ்ச நாள் கண்ணாடிக்குள்ள இருந்துட்டுப் போகும். ஆனா இங்க அத்தை கண்ட கனவுக்கு மாப்ள உடம்பு விலை கொடுக்கணும். என் கனவுக்கும் அவங்க கனவுக்கும் வித்தியாசம், வந்தது யாருங்கிறதுல இல்லை. அது ரெண்டு பேருக்குமே தெரியாது. என் வேலையை நான் விட்டேன், சம்பளம் குறைஞ்சா எனக்குக் குறைஞ்சுது. தப்பா இருந்திருந்தா மறுபடியும் வேற வேலை தேடியிருப்பேன். வலிப்பு வந்து வாய்க்கால்ல விழுந்தா மறுபடியும்னு ஒண்ணு கிடையாது.

மெய்கண்டார் சிவஞானபோதத்துல, உடம்பு வேற உயிர் வேறன்னு காட்ட தூக்கத்தையும் ஒரு சான்றா எடுக்கிறார். தூங்கும்போது மூச்சு ஓடுது, ஆனா உண்பதும் இல்லை, வினை செய்யறதும் இல்லை. அடுத்த சூத்திரத்துல நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம்னு உயிரோட அஞ்சு அவத்தைகளைச் சொல்றார். நான் இதுல பண்டிதன் இல்லை, கோயில் வகுப்புல கேட்ட அளவுதான். அந்த வகுப்புல இருந்தே எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தூங்கும்போது வினை இல்லைன்னா, கனவு கண்டதுக்கு அத்தை பொறுப்பு கிடையாது. ஆனா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டப்பாவை பரண் மேல ஏத்தினாங்களே, அது நனவுல செஞ்சது. அதை முருகன் கணக்குல எழுத முடியாது, அவங்க கணக்குதான். நான் வேலையை விட்டதும் அப்படித்தான். இவ்வளவு நாளா முருகன் விட வச்சான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். விட்டது நான். அதைச் சொல்லிக்கக் கொஞ்சம் பயமா இருந்திருக்கு, அவ்வளவுதான்.

காலையில அத்தை சாணி அள்ளிட்டு இருந்தாங்க. பாம்பன் சுவாமிகளைப் பத்திப் பேசினேன். 1923 டிசம்பர் 27, சென்னை தம்புச்செட்டித் தெருவுல குதிரை வண்டிச் சக்கரம் ஏறி அவருக்கு இடது கணுக்கால் எலும்பு முறிஞ்சது. வயசு 70-க்கு மேல. அரசு பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. 1924 ஜனவரி 6 ராத்திரி மயில் காட்சி கிடைச்சது, கால் குணமாச்சு. மார்கழியில மயூர வாகன சேவனம்னு இன்னிக்கும் கொண்டாடுறோம். "மயில் வந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குங்க அத்தை. கட்டுப் போட்ட காலோட படுத்திருந்தவருக்கு. கட்டை அவிழ்த்துட்டு வான்னு அது சொல்லலைங்க."

"அவருக்கு ஆஸ்பத்திரியில வந்தான், எனக்கு ஊட்டுல வந்தான்"னு சொல்லிட்டு கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆனா முன்ன மாதிரி கோபம் இல்லை.

திண்ணையில உட்கார்ந்து போன் பார்த்துட்டு இருந்த மாப்ள அப்போதான் வாயைத் திறந்தான். "மச்சான், ஒரு விஷயம் சொல்லட்டா? முதல் ரெண்டு நாள் நான் போட்டுட்டேன். காலேஜ் பையில ஒரு அட்டை இருந்துச்சு. அம்மாவுக்குத் தெரியாம போட்டேன். அது தீந்துருச்சு. நேத்தும் முந்தாநேத்தும்தான் இல்லை."

"ஏன்டா சொல்லலை?"

"நீங்க ரெண்டு பேரும் முருகனப் பத்தியே பேசிட்டு இருந்தீங்க. என்னைய யாரும் கேட்கலையே."

வெட்கமாப் போச்சு. 19 வயசுப் பையன். ராத்திரி முழுக்க அவன் உடம்பைப் பத்தித்தான் சண்டை. சிவன்மலை, காஞ்சிபுரம், சிகாகோ வரைக்கும் போன நான் திண்ணைக்குப் போகலை.

அத்தை வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டாங்க. ஒண்ணும் பேசலை. உள்ள போய் பரண்ல இருந்து டப்பாவை எடுத்து அவன் கையில கொடுத்தாங்க. "டாக்டருக்குப் போன் போடு"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

டாக்டர், உடனே பழைய அளவுல ஆரம்பிக்கச் சொல்லிட்டு, அந்த வாரமே வரச் சொன்னார். திட்டுவார்னு பயந்துகிட்டே போனோம். திட்டலை. அத்தை தயங்கித் தயங்கி கனவைச் சொன்னதும் அவர் சொன்னதுதான் எனக்கே ஆச்சரியம். மூணு வருஷத்துக்கு மேல வலிப்பு வராம இருக்கிறவங்களுக்கு மாத்திரையைக் குறைக்கலாமான்னு யோசிக்கிறது உண்டாம். ஆனா பரிசோதனை பண்ணிப் பார்த்து, மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ஒரே நாள்ல நிறுத்தறது எப்பவுமே கூடாது. படிக்கிறவங்க யார் வீட்டுலயாவது இந்த மாத்திரை இருந்தா தயவுசெஞ்சு இதை ஞாபகம் வச்சுக்குங்க.

இ.இ.ஜி. எடுக்க தேதி கொடுத்தார். முதல் நாள் ராத்திரி பையனைப் பெரும்பாலும் தூங்க விடாம கூட்டிட்டு வரணும்னார். தூக்கம் கெட்ட மூளையில கோளாறு இருந்தா அது சீக்கிரம் வெளிய தெரியுமாம். எந்தத் தூக்கமின்மைக்கு நான் பயந்தேனோ அதையே டாக்டர் மருந்தோட, காவலோட கேட்கிறார்.

அந்த ராத்திரி நாங்க மூணு பேரும் முழிச்சிருந்தோம். தாயக்கட்டம் ஆடினோம். அத்தை கந்த சஷ்டி கவசம் ரெண்டு தடவை சொன்னாங்க. மாப்ள ரெண்டு மணிக்கு மேல கண்ணு சொருகினான், மூஞ்சியில தண்ணி அடிச்சு வாசல்ல நடக்க விட்டேன். திரும்பி வந்து பார்த்தா அத்தை சுவத்துல சாஞ்சு தூங்கிட்டாங்க. கையில தாயக்கட்டை. நாங்க எழுப்பலை. நாலரைக்கு அவங்களா திடுக்குனு முழிச்சு முதல்ல பையனைத்தான் தேடினாங்க.

"கனவு ஏதாச்சும் வந்துச்சுங்களா அத்தை?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் வரலை"ன்னாங்க.

ரிப்போர்ட்டுல ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் கோளாறு தெரியுதாம். இன்னும் ஒரு வருஷம் இதே மாத்திரை, அப்புறம் பார்க்கலாம்னு டாக்டர் சொன்னார். அத்தை வாடிப்போவாங்கன்னு நினைச்சேன். பஸ்ல வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துட்டே சொன்னாங்க: "போதும்னுதான் சொன்னான். எப்பன்னு சொல்லலையே. நாந்தான் அன்னிக்கே அவசரப்பட்டுட்டேன்."

கனவுல வந்தது முருகன்தான்ங்கிறதுல அவங்களுக்கு இன்னும் சந்தேகமே இல்லை. நானும் அதுக்கு மேல வாதாடலை. என் கனவைப் பத்தி என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியலையே.

தைப்பூசத்துக்கு மாப்ள பழனி போனான். பகல்லயும் சாயங்காலமும் மட்டும் நடை, ராத்திரி 9 மணிக்கு மாத்திரை போட்டுட்டு எங்க இடம் கிடைக்குதோ அங்க படுக்கை. குழு முன்னாடி போயிடும், நானும் அவனும் பின்தங்கிடுவோம். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல அவன் தூங்கினப்போ அவன் தலைமாட்டுல நான் உட்கார்ந்திருந்தேன். ரோட்டுல காவடிகள் போயிட்டே இருந்துச்சு. அவன் கண்ணு இமைக்குள்ள ஓடுறது தெரிஞ்சுது. காலையில என்ன கனவுடான்னு கேட்டதுக்குச் சிரிச்சான், சொல்லலை.

வேலும் மயிலும் துணை.